முதலில் வாய் திறந்த சர்வர்

போன் அடித்தால் எடுத்துக் காதில் வைத்துக்கொள்வாள். வாயை மட்டும் திறக்க மாட்டாள். அந்தப் பக்கம் இருப்பவர்தான் முதலில் பேச வேண்டும். பள்ளிக்கூட நாளிலிருந்தே இப்படித்தான். "எடுத்தவ பேச மாட்டியாடி? மூச்சு சத்தத்த வச்சு நீதான்னு கண்டுபிடிக்க வேண்டியிருக்கு" என்று அம்மா அலுத்துக்கொள்வாள். துணி தைத்தே மகளைப் பட்டதாரியாக்கியவள் அம்மா. அந்தக் குடும்பத்துக்கு அதுதான் முதல் பட்டம். அதனாலோ என்னவோ, முந்திப் பேசித் தப்பாகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் மகளுக்குள் குடியிருந்தது. அலுவலகத்தில் 'மௌனச்சாமி' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

வைத்தவர் எதிர் மேசைக்காரர். யாரையாவது குத்திக்கொண்டே இருப்பதால் அவருக்குப் பெயர் 'குண்டூசி'. டயர் கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன அலுவலகத்தில் இருவரும் சேர்ந்து ஒரு மருந்து நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தார்கள். விற்பனைக் கவுண்டரில் இருக்கும் கிளையன்ட் என்ற நிரல், மருந்தின் பெயர், அளவு, வாங்குபவர் எல்லாம் அடங்கிய ஆர்டரைப் பைட்டுகளாக வரிசைப்படுத்தி, சாக்கெட் என்ற இணைப்பு வழியே கிடங்கில் இருக்கும் சர்வர் நிரலுக்கு அனுப்ப வேண்டும். சர்வர் அதை மறுபடி முழு ஆர்டராகக் கோத்தெடுக்கும். சர்வர் அவள் பொறுப்பு; கிளையன்ட் அவர் பொறுப்பு.

தனித்தனியே சோதித்தபோது இரண்டும் குதிரை மாதிரி ஓடின. வாடிக்கையாளர் வருவதற்கு முந்தின நாள் இரண்டையும் இணைத்தார்கள். இரண்டு திரையிலும் 'இணைப்பு கிடைத்தது' என்று வந்தது. அதற்குமேல் பேச்சு மூச்சு இல்லை. பிழைச் செய்திகூட இல்லை.

"என்னம்மா, சர்வரையும் உன்ன மாதிரியே வளத்துட்டியா?"

"உங்க கிளையன்ட் மட்டும் கச்சேரியா பண்ணுது, அண்ணா?"

மேனேஜர் வந்து நின்றார். "இந்தப் பொண்ணு இன்னும் புரொபேஷன்லதான இருக்கு? இது சரிப்பட்டு வராது. இன்னிக்கே அனுப்பிட்டு வேற ஆளப் போடலாம்."

குண்டூசிதான் எழுந்தார்.

"சாயங்காலம் வரைக்கும் விடுங்க சார். ஓடலன்னா என்னையும் சேத்து அனுப்பிடுங்க."

"யோசிச்சுதான் பேசுறியா?"

"யோசிச்சா பேச்சு வருமா சார்?"

மேனேஜர் முணுமுணுத்தபடி போனார். இப்போது அவள் தலையோடு இன்னொரு தலையும் உருளப் போகிறது. அவருக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டு நிரல்களும் எந்த வரியில் நிற்கின்றன என்று தேடினாள். அவளுடையது, எதிர்ப்பக்கத்திலிருந்து வருவதைப் படிக்கும் குழாயைத் திறக்கும் வரியில் நின்றது. அவருடையதும் அதே வரியில்தான். அந்தக் குழாய் சும்மா திறக்காது. எதிர்ப்பக்கம் தன் எழுதும் குழாயைத் திறந்து ஒரு சின்ன முகவுரையை அனுப்பினால்தான் திறக்கும். இரண்டு பேருமே படிப்பதை முதலிலும் எழுதுவதை அதற்குக் கீழேயும் வைத்திருந்தார்கள். 'நீ முதலில் சொல்' என்று இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நின்றன. தனிச் சோதனையில் எதிர்ப்பக்கமாக நடிக்க இருவரும் எழுதிய பொம்மை நிரல்கள் தாமாகவே முகவுரையை அனுப்பிவிட்டதால், அப்போது இது தெரியவில்லை.

"அண்ணா, தப்பு ரெண்டு பக்கமும் இருக்கு" என்றாள். அவளே முந்திக்கொண்டு பேசியதில் குண்டூசி நாற்காலியோடு திரும்பினார். "நீங்க எதையும் தொடாதீங்க. என் பக்கத்த மட்டும் மாத்துறேன். ஒரு பக்கம் பேசினாலே போதும்."

எழுதும் வரியை மேலே ஏற்றினாள்; முகவுரை தேங்கி நிற்காமல் உடனே போகும்படி ஒரு கட்டளையையும் சேர்த்தாள். அவர் கிளையன்ட்டை ஓட்டினார். அவள் திரையில் இருமல் மருந்துக்கான ஆர்டர் ஒன்று வந்து விழுந்தது.

"அடேங்கப்பா! உன் சர்வர் வாயத் தொறந்துடுச்சு!"

மறுநாள் வாடிக்கையாளர் தலையாட்டிவிட்டுப் போனார். அந்த மாதமே அவள் வேலை நிரந்தரமானது. நன்றி சொல்லப் போனபோது குண்டூசி அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

"நன்றிய வச்சு நான் என்ன பண்ண? எனக்கு ஒரு நாள் இக்கட்டு வந்தா நீயும் இப்படி எந்திரிச்சு நில்லு. கணக்கு தீந்துடும்."

இப்போது அவர் வேறு நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருக்கிறார். அவள் நாலு பேர் கொண்ட குழுவை நடத்துகிறாள். கூட்டங்களில் முதல் கேள்வி பெரும்பாலும் அவளுடையதுதான். அவருக்கு எந்த இக்கட்டும் வரவில்லை. வரவே வேண்டாம் என்றுதான் நினைக்கிறாள். வந்தால், இன்னொருத்தருக்காகத் தன் சோற்றைப் பணயம் வைக்கத் தனக்கு நெஞ்சு இருக்குமா என்று சில நாள் தன்னையே கேட்டுக்கொள்வாள். இருக்கும் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அதை நின்று காட்டும் வரைக்கும் கடன் கடன்தான்.