முக்காலியில் உட்கார்ந்து பார்த்த தொடர்

ஞாயிற்றுக்கிழமை காலைத் தொடரில் கொலை செய்தவள் டைரி எழுதும் பெண் என்று தெரிந்த நிமிடத்திலிருந்து, எங்கள் காலனியில் நான் சந்தேகத்துக்குரியவள் ஆனேன். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. மிகைப்படுத்துவது என் பழக்கமும் இல்லை.

எண்பதுகளின் பிற்பகுதி. ஹைதராபாத்தில் உப்பல் பக்கம் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையின் குடியிருப்பில் எனக்கு ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். எனக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை. மைக்ரோமீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்து, பதிவேட்டில் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். எழுதியதில் தப்பு வந்தால் ஒற்றைக் கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். அழிக்கக் கூடாது; எழுதியதன் மேலேயே எழுதவும் கூடாது. இருபது வருஷம் அப்படிப் பழகிய கை வீட்டிலும் அப்படித்தான் எழுதியது. புது வருஷத்துக்குக் கம்பெனி தரும் டைரியை மற்றவர்கள் பிள்ளைகளுக்குப் படம் வரையக் கொடுத்துவிடுவார்கள். நான் தினமும் ஒரு பக்கம் எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டு மூடுவேன்.

என் வீட்டில் டி.வி. இல்லை. பக்கத்து வீட்டில் இருந்தது. அந்த வீட்டுக்காரர் போக்குவரத்துப் பிரிவு அதிகாரி, கோயம்புத்தூர்க்காரர். அவர் மனைவி என்னைவிடப் பத்து வயது சின்னவர், என்னை அக்கா என்பார். காலேஜ் படிக்கும் ஒரே மகள், தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வாள். மாடி வீட்டிலிருந்து வெல்டிங் ஃபோர்மேன் வருவார், மதுரைக்காரர். ஞாயிறு பத்து மணிக்கு நாங்கள் ஐந்து பேர். டி.வி.க்கு நேர் எதிரே, மின்விசிறிக்குக் கீழே, பிரம்பு நாற்காலி எனக்கு. அதில் வேறு யாரும் உட்காரமாட்டார்கள்.

தொடர் இந்தியில். துப்பறிகிறவர் ஒல்லியான மனிதர்; தோளில் எப்போதும் ஒரு மடக்கு முக்காலி தொங்கும். யார் வீட்டுக்குப் போனாலும் அவர்கள் நாற்காலியில் உட்காரமாட்டார். உட்கார்ந்தால் அந்த வீட்டுக்காரர் கண்ணால் பார்க்க ஆரம்பித்துவிடுவேன் என்பார். முக்காலியை விரித்துப் போட்டு அதில் உட்கார்ந்துதான் விசாரணை. கடைசியில் கொலைகாரன் யார் என்று தெரிந்ததும் எழுந்து, அதே முக்காலியை அவன் முன்னால் வைத்து, "பைட்டியே" என்பார். உட்காருங்கள் என்று அர்த்தம். ஹைதராபாத் முழுக்க அந்த வார்த்தை ஓடியது. பஸ்ஸில் இடம் கொடுப்பவன்கூட அந்தக் குரலில் சொன்னான்.

தொடரின் நடுவில் விளம்பரம் வரும். அப்போது ஆளுக்கு ஒரு பெயர் சொல்வோம். முடிந்த பிறகு எல்லோரும், "நான் அப்பவே சொன்னேன்ல" என்பார்கள். ஒரு ஞாயிறு அது சண்டையாகவே போய், ஃபோர்மேன் என்னிடம் சொன்னார்: "யக்கா, நீங்க எப்பவும் எதையாவது எழுதிக்கிட்டுத்தான இருக்கீங்க. இதையும் எழுதிப்போடுங்க. யாரு புளுகுறாங்கன்னு தெரிஞ்சுபோகும்."

அன்றிலிருந்து டைரியைக் கையோடு கொண்டுபோனேன். விளம்பரம் வந்ததும் ஒவ்வொருவர் கருத்தையும் எழுதுவேன். பக்கத்து வீட்டு அம்மா மட்டும் ஒவ்வொரு வாரமும், "எனக்கென்னக்கா தெரியும்" என்று சொல்லிக் காப்பி கலக்கப் போய்விடுவார். அவர் பெயருக்கு எதிரே 'கருத்து இல்லை' என்று எழுதுவேன்.

நான் சொல்லவரும் அத்தியாயத்தில் ஒரு மாடி வீட்டின் சொந்தக்காரர் கொலையாகிறார். கீழ் வீட்டில் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி, தனியாள். யார் எத்தனை மணிக்கு வந்தார், போனார் என்று டைரியில் குறித்து வைத்திருக்கிறாள். துப்பறிகிறவர் அதைப் புரட்டிப் பார்த்துத்தான் ஒவ்வொருவரையும் விசாரிக்கிறார். விளம்பரம் வந்தது. ஃபோர்மேன் மருமகன் என்றார். பக்கத்து வீட்டு சார் வேலைக்காரன் என்றார். மகள் டாக்டர் என்றாள். நான், "டைரி எழுதுற அம்மா" என்றேன்.

"அவ சாட்சிங்க மேடம்!" என்று சார் சிரித்தார். "சாட்சியவே புடிச்சு உள்ள போடறீங்களே."

பத்தே நிமிடத்தில் முக்காலி அவள் முன்னால் போனது. ஊரில் பாதிப் பேருக்கு மொட்டைக் கடிதம் எழுதி மிரட்டிக்கொண்டிருந்தவளாம். சொந்தக்காரர் கண்டுபிடித்துவிட்டாராம், அதனால் கொன்றாளாம்.

"அவ முழியே சரியில்ல, நான் நெனச்சேன்" என்றார் ஃபோர்மேன்.

நான் டைரியைத் திறந்து உரக்கப் படித்தேன். மருமகன், வேலைக்காரன், டாக்டர், கருத்து இல்லை. சரியாகச் சொன்னது நான் ஒருத்தி.

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க? உங்க சாதிசனம்னு மோப்பம் புடிச்சிட்டீங்களா?" என்றார் ஃபோர்மேன். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் காரணம் சொன்னேன். கேமரா அந்த டைரியைக் கிட்டத்தில் காட்டியது. நாலு நாள் எழுத்து. ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரு அடித்தல் இல்லை. தினமும் எழுதுகிறவள் கை ஒரு நாள் களைத்திருக்கும், ஒரு நாள் அவசரத்தில் இருக்கும், மணியைத் தப்பாக எழுதி அடித்திருக்கும். இது ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதிய பொய் டைரி. யாரும் காது கொடுத்ததாகத் தெரியவில்லை. சார் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையில் இருந்த டைரியைப் பார்த்தார்.

"அந்தப் பொம்பள மொட்டைக் கடுதாசியும் எழுதுனா, பாத்தீங்ளா மேடம்?" என்றார்.

அவர் ஏன் கேட்டார் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு வாரம் முன்பு கம்பெனியின் விஜிலன்ஸ் பிரிவுக்கு ஒரு மொட்டைக் கடிதம் போயிருந்தது. சனிக்கிழமை காலையில் கம்பெனி வேன் போவன்பள்ளி மார்க்கெட்டுக்குப் போய் அதிகாரிகள் வீட்டுக்குக் காய்கறி ஏற்றி வருகிறது என்று தேதி, நேரம் எல்லாம் போட்டு எழுதியிருந்தார்களாம். வேனுக்குப் பொறுப்பு சார்தான். அவரிடம் விளக்கம் கேட்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை கேன்டீனில் நான் தட்டோடு நடந்த இடமெல்லாம் பேச்சு நின்றது. எங்கள் பிரிவிலேயே ஒருவர், பழைய நகரத்துக்காரர், இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, "நம்ம பேரு நக்கோ மேடம், நான் அஞ்சு நிமிஷம்தான் லேட்டு" என்றார்; தன் பெயரை எழுத வேண்டாம் என்று அர்த்தம். சிரிப்புக்குச் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு வரிசையில் எனக்குப் பின்னால் வந்து நிற்காமல் தள்ளிப் போய் நின்றார்.

செவ்வாய் சாயங்காலம் சாரும் மனைவியும் என் வீட்டுக்கு வந்தார்கள். காப்பி கொடுத்தேன். சார் குடிக்கவில்லை.

"ஏனுங்க மேடம், தப்பா நெனைக்காதீங்க. அந்தக் கடுதாசில போட்டிருக்கற சனிக்கெழமைப் பக்கத்த மட்டும் காட்டுங்க. பாத்துட்டுப் போயிர்றோம். என்ற மனசுக்கு ஒரு நிம்மதி."

அவர் மனைவி தலை நிமிரவில்லை. காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். காலை ஆறு நாற்பதுக்கு வேன் வந்தது என்று இருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு காலிஃபிளவர் வந்தது, மத்தியானம் பொரியல் செய்தேன் என்று இருந்தது. அதற்குக் கீழே, சாப்பாட்டுக்குப் பிறகு அவர் மனைவி என் சமையலறையில் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து, கணவரிடம் சொல்லாத ஒன்றை என்னிடம் சொன்னது இருந்தது. அது என்ன என்று இங்கேயும் எழுதப்போவதில்லை.

"காட்ட முடியாது" என்றேன்.

"அப்ப அதுல என்னமோ இருக்குதுங்கறீங்க."

"நிறைய இருக்கு. ஆனா அது என் டைரி. நீங்க தேடுற ஆள் நான் இல்லை. நான் எதை எழுதினாலும் கீழே கையெழுத்துப் போடுறவ. மொட்டையா எழுத எனக்கு வராது."

"வாய்ல சொன்னாப் போதுங்களா? ஒரு பக்கம் காட்டறதுக்கு என்னங்க?"

"வேன்ல காய் வர்றது தப்புன்னு எனக்குத் தோணுச்சுன்னா உங்க முகத்துக்கு நேரா சொல்லியிருக்கணும். சொல்லலை. ரெண்டு காலிஃபிளவரை வாங்கிப் பொரியல் பண்ணிச் சாப்பிட்டேன். அது என் தப்பு, அதையும் எழுதியிருக்கேன். அதுக்கு மேலே ஒரு எழுத்து காட்ட மாட்டேன்."

சார் எழுந்தார். "அப்ப ஞாயித்துக்கெழம டைரி இல்லாம வாங்க."

"டைரியோட வந்தா?"

"நீங்களே முடிவு பண்ணிக்கங்க மேடம்."

வாசலில் அவர் மனைவி ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நான் கதவைச் சாத்தினேன்.

அங்கே போவது நின்றால் என்ன இழப்பேன் என்று அன்று எழுதிப் பார்த்தேன். வாரத்தில் ஒரு மணி நேரம், ஒரு பிரம்பு நாற்காலி. அவ்வளவுதான். ஆனால் அந்தக் காலனியில் எனக்கென்று ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்த வீடு அது ஒன்றுதான். தனியாக இருக்கும் பெண்ணை விசேஷத்துக்குக் கூப்பிடுவார்கள். சும்மா வந்து உட்காரக் கூப்பிட மாட்டார்கள். அதை இழக்க எனக்கு மனமில்லை. அதற்காக ஒரு பெண் என்னை நம்பிச் சொன்னதை அவள் புருஷன் கையில் கொடுக்கவும் மனமில்லை. டைரியை வீட்டில் வைத்துவிட்டுப் போவது இன்னும் மோசம். அது குற்றத்தை ஒப்புக்கொண்டு போவது போல.

புதன்கிழமை அந்த அத்தியாயத்தைப் பற்றி டி.வி. நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். நேயர்களின் கருத்தை அவர்கள்தான் கேட்கிறார்களே. டைரி எழுதுகிறவள் மொட்டைக் கடிதம் எழுதுவாள் என்று காட்டியது மடத்தனம் என்று எழுதினேன். டைரி எழுதுகிறவள் தன் பெயரைத் தினமும் தனக்கே சொல்லிக்கொள்கிறவள்; மொட்டைக் கடிதம் எழுதுகிறவள் தன் பெயருக்குப் பயந்தவள்; இரண்டும் ஒரே கையில் இருக்காது என்று எழுதினேன். தனியாக வாழும் பெண் ஜன்னலில் நின்றால் அது வேவு, குடும்பஸ்தர் ஜன்னலில் நின்றால் அது காற்று வாங்குவதா என்றும் கேட்டிருந்தேன். முழுப் பெயர், பதவி, வீட்டு எண், கையெழுத்து. கார்பன் நகலைக் காலனி கிளப்பின் அறிவிப்புப் பலகையில் நாலு மூலையிலும் ஊசி குத்தி மாட்டினேன்.

ஃபோர்மேன் அதை நின்று படித்துக்கொண்டிருந்தபோது நான் அந்தப் பக்கம் போனேன்.

"யக்கா, இது டி.வி.காரனுக்கு எழுதுன மாதிரி தெரியலையே. எங்களுக்கு எழுதுன மாதிரியில்ல இருக்கு."

"ரெண்டு பேரும் படிக்கலாம்" என்றேன்.

ஞாயிறு ஒன்பது ஐம்பத்தைந்துக்கு, டைரியைக் கையில் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குள் போனேன். மின்விசிறிக்குக் கீழே பிரம்பு நாற்காலி இல்லை. அந்த இடத்தில் கான்வாஸ் தைத்த ஒரு மடக்கு முக்காலி விரித்து வைத்திருந்தது. ஃபோர்மேன் எழுந்து குனிந்து கையை நீட்டினார்.

"பைட்டியே!"

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சார் சிரிக்கவில்லை. "மேடம், சொன்னனுங்களே" என்று டைரியைப் பார்த்தார்.

"சொன்னீங்க. நான் முடிவு பண்ணிட்டேன்."

நான் அந்த முக்காலியில் உட்கார்ந்தேன். தாழ்வாக இருந்தது, முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. புடவையைச் சரிசெய்து, டைரியைத் திறந்து, எல்லோரும் பார்க்க எழுதினேன்: இருக்கை, முக்காலி. அதற்குள் தொடரின் இசை ஆரம்பித்துவிட்டது. இசை ஆரம்பித்த பிறகு அந்த வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். சாரும் டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டார்.

விளம்பரம் வந்தது. நான் பேனாவை எடுத்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சோப்புத்தூள் விளம்பரம் முடிந்து பல்பொடி விளம்பரம் வந்தது. நான் நாலு பெயரையும் எழுதி, எதிரே 'கருத்து இல்லை' என்று எழுதக் கையை வைத்தேன்.

"நான் சொல்றனுங்கக்கா" என்று ஒரு குரல். பக்கத்து வீட்டு அம்மா. காப்பி கலக்கப் போகாமல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். "எழுதிக்கங்க. அந்த வக்கீல்தான்."

"உனக்கென்ன தெரியும்?" என்றார் சார்.

"தெரியாட்டித் தப்பாப் போவட்டும். எழுதுங்கக்கா. என்ற பேர் போட்டு எழுதுங்க."

எழுதினேன். மகள் அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, நாதி வாட்ச்மேன். ராசேயண்டி" என்று தெலுங்கில் தன் பங்கையும் எழுதச் சொன்னாள். ஃபோர்மேன் தொண்டையைக் கனைத்து, "சரி, வந்தது வந்தாச்சு. எனக்கும் வாட்ச்மேன்னே போடுங்கக்கா" என்றார். சார் சொல்லவில்லை. அவருக்கு மட்டும் 'கருத்து இல்லை' என்று எழுதினேன்.

வக்கீல் நிரபராதி. முக்காலி வேறு ஒருவருக்குப் போனது. பக்கத்து வீட்டு அம்மா தான் சொன்னது தப்பாய்ப் போனதற்கு அப்படிச் சிரித்தார். அதற்கு முன் அவர் அந்த வீட்டில் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை.

மொட்டைக் கடிதம் எழுதியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. வேன் மார்க்கெட்டுக்குப் போவது நின்றது. சாரை எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். நான்தான் எழுதினேன் என்று நம்பியவர்கள் நான் ஓய்வு பெறும் வரை நம்பினார்கள். அவர்களிடம் நான் மறுத்துப் பேசவில்லை. ஒருமுறை சொன்னதை இரண்டு முறை சொல்லும் வழக்கம் எனக்கில்லை. டி.வி. நிலையத்திலிருந்து பதில் வரவில்லை. அந்தச் சனிக்கிழமைப் பக்கம் இன்றும் என் அலமாரியில் இருக்கிறது. அதை இதுவரை என்னைத் தவிர யாரும் படித்ததில்லை.

மூன்றாவது வாரம் நான் உள்ளே போனபோது பிரம்பு நாற்காலி பழைய இடத்தில், மின்விசிறிக்குக் கீழே, இருந்தது. முக்காலியை மடக்கிக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்தார்கள். நான் அதை எடுத்து விரித்து நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

"நாற்காலி இருக்குதுங்களே மேடம்" என்றார் சார்.

"இருக்கட்டும்" என்றேன். தொடர் முடிந்துபோகும் வரை எல்லா ஞாயிறும் முக்காலியில்தான் உட்கார்ந்தேன்.