பால் ஊற்ற வந்தவர்கள்

என் மாமனார் வாயைத் திறந்துகொண்டு தூங்கும் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டது என் கணவர்தான். "அப்பா வீட்டுக்கு வந்துட்டாங்க" என்றும் எழுதியிருந்தார். நல்ல எண்ணம்தான், யார் இல்லை என்றது? ஆனால் எழுத்தை ஒருவரும் படிக்கவில்லை. கன்னம் ஒட்டி, வாய் ஒரு பக்கம் கோணி, கண் பாதி மூடிய முகத்தை மட்டும் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கோலசிலாங்கூரில் எங்கள் வீட்டு வாசலில் வரிசையாகக் கார்கள் வந்து நின்றன.

மாமாவுக்குப் பக்கவாதம். தோட்டத்தில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது, வெட்கமோ என்னவோ, பேசுவதையே விட்டுவிட்டார். இவற்றையெல்லாம்விட என்னைப் பயமுறுத்தியது அவருடைய தொண்டைதான். நான் மருத்துவமனையில் தாதி, ஊரார் வாயில் மிஸ்ஸி. விழுங்கும் தசை தளர்ந்தவருக்குத் தண்ணீர் மாதிரி ஓடுகிற எதைக் கொடுத்தாலும் அது வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குள் இறங்கலாம். சிலருக்கு இருமல்கூட வராது. பிறகு காய்ச்சல், சளி, மூச்சுத்திணறல். ஒரு வாய் தேநீரில் ஆரம்பித்து அப்படிப் போனவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். அதனால் எதைக் கொடுத்தாலும் மருந்துக்கடைப் பொடி கலந்து, கூழ் பதமாக்கி, நிமிர்த்தி உட்காரவைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

வார்டில் இதை நான் பேசிக்கொண்டே செய்வேன். வீட்டில் அது முடியவில்லை. அங்கே சளி உறிஞ்சும் கருவி இருக்கும், கூப்பிட்டால் டாக்டர் வருவார். இங்கே நானும், ஊசியைப் பார்த்தாலே தரையில் உட்கார்ந்துவிடும் என் கணவரும் மட்டும். மாமா ஒவ்வொரு வாய் விழுங்கும்வரை நான் மூச்சுவிட மாட்டேன்.

மாமாவின் அக்காவும் வந்திருந்தார். என் கணவருக்கு அத்தை, எனக்கும் அத்தைதான். தண்ணீர்கூடக் குடிக்காமல் நேரே கட்டிலுக்குப் போய்த் தம்பியின் காலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு மினரல் வாட்டர் போத்தலை எடுத்தார். உள்ளே பால்.

"மாட்டுப்பால். காச்சிக் கொண்டாந்துட்டேன். எல்லாரும் வந்தாச்சு, ஆளுக்கு ஒரு கரண்டி ஊத்திருவோம்."

எனக்குத் திக்கென்றது. போகிற உயிருக்குக் கடைசியாக ஊற்றும் பால். மல்லாந்து தூங்குகிற மனிதரின் வாயில், கூடம் நிறைய நிற்கும் சனம் ஆளுக்கு ஒரு கரண்டி ஊற்றினால் என்ன ஆகும்? போகாதவரும் போய்விடுவார்.

"அத்தை, மாமாவுக்கு ஒண்ணும் ஆகல. தூங்குறாங்க."

"நான் எத்தனை பேரப் பார்த்திருக்கேன். மூஞ்சியப் பாரு மா."

"புரை ஏறிடும் அத்தை. நெஞ்சுக்குள்ள போயிடும்."

"தொண்டை வறண்டு கிடக்குறான். ஒரு வாய் பால் கொடுக்க உனக்கு மனசு வரல. மிஸ்ஸி வேலை பார்த்தா மனசு கல்லாயிடுமா?"

பின்னாலிருந்து ஒரு குரல், "பட்டினி போட்டே அனுப்பிருவா போல" என்றது.

"யாரு அது? முன்னால வந்து சொல்லுங்க லா!" என்று கத்திவிட்டேன். ஒருவரும் வரவில்லை. என் கணவர் ஜன்னல் வழியாகக் கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடடா, என்ன ஒரு ஆண்பிள்ளை!

அத்தை மட்டும் குரலை உயர்த்தவில்லை. "எங்கம்மா போனப்ப நான் காட்டுல வேலையா நின்னேன் மா. வேலை வாங்குற மண்டோர் விடல. ஓடியாந்து பாத்தா வாய் காஞ்சு கிடக்கு. ஒரு சொட்டுப் பால் இறங்கல. இவனும் அப்படிப் போயிடக் கூடாது."

மாமாவுக்குக் காய்ச்சல் இல்லை, ரத்த அழுத்தம் சரியாக இருந்தது, எல்லாம் காலையில்தான் பார்த்தேன். ஆனாலும், அத்தை சொல்வது சரியாக இருந்துவிட்டால்? நாளைக்கே மாமா போய்விட்டால், பாலைத் தடுத்த மருமகள் என்று நான் சாகும்வரை கல்யாண வீடுகளில் பேசுவார்கள். அந்தப் பயமும் எனக்கு இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

"சரி அத்தை, கொடுக்கலாம். ஆனா நான் சொல்ற மாதிரிதான்."

தூங்குகிறவருக்கு எதையும் கொடுக்கக் கூடாது. ஈரத்துணியால் முகத்தைத் துடைத்து மாமாவை எழுப்பினேன். நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைத்து, இடப்பக்கம் தலையணையை அண்டக் கொடுத்தோம். வாயைச் சுத்தம் செய்தேன். பாலைக் கிண்ணத்தில் ஊற்றிப் பொடியைக் கலக்கினேன். "இது என்ன, பசையா?" என்றார் அத்தை. காதில் வாங்காத மாதிரி இருந்துவிட்டேன். மாமாவின் முகவாயைக் கொஞ்சம் தாழ்த்தி, தொண்டையில் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டேன்.

"தொண்டை ஏறி இறங்குறது என் விரலுக்குத் தெரியணும். அப்புறம்தான் அடுத்த ஆளு."

அத்தை முதல் அரைக் கரண்டியைக் கொடுத்தார். தொண்டை அசையவில்லை. ஐயோ, கெடுத்துவிட்டேனா? "முழுங்குங்க மாமா" என்றேன். விரல்களுக்கடியில் தொண்டை மெதுவாக ஏறி இறங்கியது.

அடுத்து வந்த என் கணவரின் பெரியம்மா விம்மி விம்மி அழுதார். "அழுறதுன்னா வெளிய போய் அழுதுட்டு வாங்க. கரண்டி ஆடுது" என்றேன். திட்டிக்கொண்டே போனார்.

நாலைந்து பேருக்குப் பிறகு நிறுத்தினேன். தொண்டையில் பால் தங்கியிருந்தால் குரல் கொழகொழவென்று வரும். கூழ் பதமாக இருந்தாலும் நம்ப முடியாது, கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

"மாமா, 'ஆ' சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். வரிசையில் நின்றவர்களைப் பார்த்தார். உதடு அசைந்தது.

"நான் போறேனா?"

குழறல்தான், ஆனால் குரலில் ஈரமே இல்லை. எனக்கு உயிர் வந்தது. "நல்லா இருக்கு மாமா! ரொம்ப நல்லா இருக்கு!" என்றேன்.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அத்தையின் முகத்தைப் பார்த்த பிறகுதான் மாமா கேட்டது என்னவென்று எனக்கு உறைத்தது. அவரும் எத்தனையோ பேருக்குப் பால் ஊற்றியவர்தானே. இந்த வரிசை எதற்கென்று அவருக்குத் தெரியாதா? அவர் தொண்டை, அவர் வாய் என்று காலையிலிருந்து அத்தனை சண்டை போட்டோம். அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அத்தை போத்தலைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்தார்.

"யாருடா சொன்னா உனக்கு? பால் குடிச்சா நீ சீக்கிரம் எழுந்து நடப்பியாம், மிஸ்ஸிதான் சொன்னா. அதான் ஆளுக்கு ஒரு வாய் கொடுக்குறோம். கேட்டுப் பாரு."

மாமா என் பக்கம் திரும்பினார்.

"ஆமா மாமா" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அக்கா பக்கம் திரும்பி, தானாகவே வாயைத் திறந்தார். நான் மறுபடியும் விரல்களைத் தொண்டையில் வைத்தேன்.