சாம்பல்தீவில் அப்பாவின் தேத்தண்ணிக் கோப்பை

பங்குனியில் நான் திருகோணமலை போனது கடல் குளிக்க அல்ல. சாம்பல்தீவில் இருக்கும் தங்கை வாசுகி தொலைபேசியில் அழுதாள். மூன்று வயது மகள் யாழினிக்கு இரத்தம் குறைவு. இரும்புச்சத்துப் பாணி மருந்து கொடுத்தும் ஏறவில்லை. அடுத்த கிளினிக்கிலும் ஏறாவிட்டால் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவார்களாம். ஏன் ஏறவில்லை என்று கண்டுபிடிக்காமல் திரும்புவதில்லை என்றுதான் புறப்பட்டேன்.

வவுனியாவிலிருந்து காலை ஆறரை பஸ். ஏறத்தாழ நூறு கிலோமீற்றர், மூன்று மணித்தியாலம். திருகோணமலை நகரிலிருந்து உப்புவெளி தாண்டிச் சாம்பல்தீவுக்கு ஓட்டோக்காரர் ஆயிரம் கேட்டார்.

"சுகமில்லாத பிள்ளையைப் பாக்கப் போறன், அண்ணை."

"அப்ப எண்ணூறு தாங்கோ." நல்ல மனிதர்.

மத்தியானம் சோறு, கீரிமீன் குழம்பு, முருங்கையிலை வறை. யாழினி வஞ்சகமில்லாமல் சாப்பிட்டாள். பிறகு பாணி. பிள்ளை முகத்தைச் சுளித்ததும், மீன்பிடிக்கப் போய் வந்த தகப்பன் சிவா தன் கோப்பையிலிருந்து வெறுந்தேத்தண்ணியை ஊட்டினான். தினமும் இப்படித்தானாம். எனக்கு எங்கேயோ இடித்தது. பின்னேரம் அந்தப் பக்கம் வந்த குடும்பநல உத்தியோகத்தரை மறித்துக் கேட்டேன்.

"சாப்பாட்டோட தேத்தண்ணி குடுக்கவேண்டாமெண்டு சொன்னனான் எல்லே?" என்றார் அவர்.

"நான் ஊத்திக் குடுக்கிறேல்லை, மிஸ்," என்றாள் வாசுகி. "அவற்ற கோப்பையில நாலு மிடறுதான்."

"ஆற்ற கோப்பையெண்டு வயித்துக்குத் தெரியுமே? தேயிலைச் சாயம் இரும்புச்சத்தை உடம்பில சேர விடாது."

சிவாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "கடலால வந்தா அவளோட இருக்கிறதே அந்த நேரந்தான், மச்சாள். அதையும் பறிக்கிறீங்களோ?"

எனக்கும் கோபம் வந்தது. "நேரத்தை ஆர் பறிச்சது? கோப்பைக்குள்ள இருக்கிறதைத்தான் மாத்தச் சொல்லுறம்."

மூன்று நாள் நின்றேன். மத்தியானத்தில் ஒருவருக்கும் தேத்தண்ணி இல்லை. யாழினி கத்தினாள், சிவா தலையிடி என்று உறுமினான், நான் அசையவில்லை. உள்ளுக்குள் பாவமாகத்தான் இருந்தது.

பிள்ளைகளோடு பயணம் போகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். கடையில் சாப்பிட்டதும் தேத்தண்ணியை நீட்டுவார்கள், சின்னதுகளுக்கு வேண்டாம். தேசிக்காய்த் தண்ணி கேளுங்கள், வழியில் கொய்யாப்பழம் வாங்குங்கள்; இரண்டும் இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும். பாணி மருந்தின் அளவைக் கிளினிக்கில் சொன்னபடியே கொடுங்கள். ஏறவில்லையென்று அளவைக் கூட்டாதீர்கள்.

நேற்று அடுத்த கிளினிக். சிவாதான் தொலைபேசியில் அழைத்தான்.

"ஏறத் தொடங்கீற்று, மச்சாள். பெரியாஸ்பத்திரிக்குப் போகத் தேவையில்லையாம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "தேத்தண்ணியை விட்டிட்டியோ?" என்று கேட்டேன்.

"ஏலாது, மச்சாள். போத்தில்ல கொண்டுபோய்ப் படகிலயே குடிச்சு முடிச்சிட்டுத்தான் கரைக்கு வாறன்."