எக்ஸ்ரே அக்காவின் நல்ல காகிதம்

எங்கள் தெருவில் குடிநீர்க் குழாய் உடைந்த அன்று சந்தோஷப்பட்ட ஒரே ஆள் எதிர்வீட்டு எக்ஸ்ரே அக்காதான். மற்றவர்கள் எல்லாரும் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு குடிநீர் அலுவலகத்தை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் மாடி ஜன்னலில் நின்று, கீழே தேங்கிய தண்ணீரை, வெகுநாள் எதிர்பார்த்த விருந்தாளி வந்து இறங்கியதைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இது ஏன் என்று புரிய வேண்டுமானால் அவளுடைய பீரோவைப் பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்திருக்கிறேன். மேல்தட்டில் மட்டும் துணிகள், ஒன்றின்மேல் ஒன்றாக மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும். கீழே உள்ள நான்கு தட்டும் பேனாவுக்கும் காகிதத்துக்கும் மைப்புட்டிகளுக்கும் உறைகளுக்கும். தங்க நிப்பு வைத்த பேனாக்கள் தனி வரிசை. அவற்றுக்கு அடியில் மெத்தென்று பஞ்சுத் துணி. வீட்டில் தலையணைக்கு உறை மாற்றி எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்கக் கூடாது. காகிதங்களை அவள் எக்ஸ்ரே படம் போட்டுத் தரும் பெரிய பழுப்பு உறைகளில் வகைபிரித்து வைத்திருந்தாள். உறைமேல் நோயாளியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "வழவழப்பு, தந்த நிறம்" என்றும், வயது எழுத வேண்டிய இடத்தில் வாங்கிய வருடமும் இருக்கும்.

அக்கா ஸ்கேன் சென்டரில் இருபத்திரண்டு வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறாள். "மூச்சை இழுத்துப் புடிங்க, அசையாதீங்க, ஆச்சு, விடுங்க" என்று நாளெல்லாம் சொல்லிவிட்டு வருவதால் வீட்டில் பேச்சு குறைவு. சம்பளத்தில் வீட்டுச் செலவு போக மிஞ்சுவதெல்லாம் பேனாக் கடைக்குப் போகும். இத்தனை பேனாவை வைத்துக்கொண்டு அவள் என்ன எழுதுகிறாள் என்று ஒருநாள் கேட்டேன். கூச்சத்தோடு ஒரு தடித்த நோட்டை எடுத்துக் காட்டினாள். முதல் பக்கத்தில் "இது நீலம்" என்று எழுதியிருந்தது. அடுத்த வரியில் "இது கருநீலம்." அதற்கடுத்து "இது கருநீலம், ஆனால் வேறு கடை." இப்படியே இருநூறு பக்கம். கையெழுத்து என்றால் அப்படி ஒரு கையெழுத்து, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். விஷயம்தான் இல்லை.

எழுத ஆள் கிடைக்காததுதான் அவளுடைய பிரச்சினை. வேலைக்குப் போய் வேறு ஊரில் இருக்கும் மகளுக்கு ஒருமுறை நான்கு பக்கம் எழுதிப் போட்டாள். எழுதி முடிக்க ஒரு வாரம் ஆனது. மகள் கடிதத்தைப் படம் பிடித்து போனில் அனுப்பி, கீழே ஒரு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டினாள். அதோடு அந்தப் போக்குவரத்து நின்றது. கணவருக்கு எழுதலாம் என்றால் அவர் ஒரே வீட்டில் இருக்கிறார். தெருமுனையில் இருசக்கர வண்டி பழுது பார்க்கும் மெக்கானிக். ஒருநாள் கார்புரேட்டரில் ஏதோ அடைத்துக்கொண்டது என்று மெல்லிய நிப்பு வைத்த பேனா ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வண்டி ஓடியது. பேனா ஓடவில்லை. அன்றிலிருந்து பீரோச் சாவி அக்காவின் கைப்பையில்தான் இருக்கிறது.

இப்படி இருக்கும்போதுதான் குழாய் உடைந்தது.

தெருக்காரர்கள் முதலில் போன் செய்தார்கள். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்று ஒரு பெண் குரல் சொல்லிவிட்டு, முக்கியமானவர்களுக்கு மட்டும் போடும் இசையை முக்கால் மணி நேரம் போட்டது. எங்கள் தெருத் தையல்காரர் நேரில் போனார். அவரை மாடிக்கு அனுப்பினார்கள், மாடியிலிருந்து கீழே அனுப்பினார்கள், கடைசியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்போது அக்கா மெல்ல, "நான் வேணா ஒரு லெட்டர் எழுதுறேன்" என்றாள்.

தெருவே கையெடுத்துக் கும்பிட்டது. அந்த ஒரு லெட்டருக்கு எத்தனை நாள் ஆகும் என்று அவர்களுக்குத் தெரியாது. காகிதம் தேர்ந்தெடுக்க ஒரு நாள் போனது. மை தேர்ந்தெடுக்க ஒரு நாள். பச்சை மை அதிகாரிகளின் நிறம், அதில் எழுதினால் திமிர் என்று நினைப்பார்கள். கறுப்பு என்றால் துக்கச் செய்திபோல இருக்கும். கடைசியில் கருநீலம். மூன்றாம் நாள் எழுதி, நான்காம் நாள் மை நன்றாகக் காய்ந்ததா என்று பார்த்துவிட்டு, ஐந்தாம் நாள் தபாலில் சேர்த்தாள். அதற்குள் தெருவில் நாங்கள் செங்கல் போட்டுத் தாண்டிப் போகப் பழகிவிட்டோம்.

பன்னிரண்டு நாளில் பதில் வந்தது! குடிநீர் அலுவலகத்திலிருந்து ஒரு மனிதர் பதில் போட்டார் என்பதே தெருவுக்குப் பெரிய செய்தி. அழுக்குப் பழுப்புத் தாளில் அச்சடித்த இரண்டு வரி. "தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. கவனிக்கப்படும்." அடியில் கண்காணிப்பாளரின் கையெழுத்து. அதற்கும் கீழே, ஓரத்தில், மெல்லிய நிப்பால் பொடிப்பொடியாக இரண்டு வார்த்தை: "மை எது?"

அக்கா அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், எலும்பு முறிவைத் தேடுபவள்போல. "இவரும் மைப்பேனாதான் வச்சிருக்கார். எப்படி அழுத்தாம எழுதியிருக்கார் பாரேன்" என்றாள். குழாயைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லையே என்று நான் கேட்டது அவள் காதில் ஏறவில்லை.

இரண்டாவது கடிதம் ஒரே நாளில் தயாராகிவிட்டது. அப்புறம் மூன்றாவது, நான்காவது. பதில்களும் வந்துகொண்டே இருந்தன. அச்சடித்த இரண்டு வரி மாறவே இல்லை. ஓரத்தில் எழுதுவது மட்டும் நீண்டுகொண்டே போய், தாளின் பின்பக்கத்துக்கும் தாவியது. செங்கல் நிற மை சொரசொரப்பான தாளில் பரவுமா, பழைய பேனாவில் மை நிரம்பும் ரப்பர் பை இறுகிப்போனால் வெந்நீரில் போடலாமா, இப்படி ஒரு அரசு அலுவலகம் பொதுமக்களுடன் நடத்த வேண்டிய அவசியமான உரையாடல்கள்.

"என்னக்கா, ஆபீஸ்ல என்ன சொல்றாங்க?" என்று தெருவில் யாராவது கேட்டால், "பதில் வந்துட்டுத்தான் இருக்கு" என்பாள். அதில் ஒரு பொய்யும் இல்லை. தபால்காரரைக் கண்டால் அவள் முகம் மலர்வதைப் பார்த்து, குழாய் சீக்கிரம் சரியாகிவிடும் என்று தெருவும் நம்பிக்கொண்டிருந்தது. மூன்று மாதம் ஓடியது. செங்கற்களில் பாசி பிடித்தது.

அந்தப் பாசியில்தான் ஒரு காலை அக்காவின் வீட்டுக்காரர் சறுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு. நான்தான் ஆட்டோ பிடித்து ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிப்போனேன். அன்று பணியில் இருந்தது அக்காவே. கணவரின் கையை மேஜைமேல் வைத்து, கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்று, பழக்கதோஷத்தில், "மூச்சை இழுத்துப் புடிங்க" என்றாள்.

"கைக்கு எதுக்குடி மூச்சு?" என்று அவர் கத்தினார். "ஊருக்கெல்லாம் லெட்டர் எழுதறியே, அந்தக் குழாய் என்னதான் ஆச்சு?"

படத்தில் எலும்பு இரண்டு இடத்தில் விரிசல் விட்டிருந்தது. கட்டுப் போட்டு அவரை வீட்டில் விட்டதும், "கிளம்பு" என்றாள் அக்கா என்னிடம். "இன்னைக்கு நேர்ல பாத்துடுவோம்."

குடிநீர் அலுவலகத்தில் காகிதங்கள் பறக்காமலிருக்க உடைந்த தண்ணீர் மீட்டர்களைத் தூக்கி வைத்திருந்தார்கள். அந்த மீட்டர்கள் செய்து நான் பார்த்த ஒரே வேலை அதுதான். கண்காணிப்பாளரின் மேஜை மூலையில் இருந்தது. மெலிந்த மனிதர், இஸ்திரி கலையாத சட்டை, பையில் இரண்டு மைப்பேனா. அக்கா தெருப்பெயரைச் சொன்னதுதான் தாமதம், எழுந்தே நின்றுவிட்டார்.

"நீங்கதானா அது! உக்காருங்கம்மா, உக்காருங்க. அந்த 'ழ' போடுற அழகைப் பாத்து ரொம்ப வயசானவங்களா இருப்பீங்கன்னு நெனச்சேன்."

"சார், குழாய்..."

"ஒரே நிமிஷம்." மேஜையின் கீழறையைச் சாவி போட்டுத் திறந்தார். உள்ளே ஒரு கனமான ஆல்பம். பக்கத்துக்கு ஒன்றாகக் கண்ணாடித்தாள் பைக்குள் அக்காவின் கடிதங்கள். ஆறு கடிதமும் மடிப்புக் கலையாமல், மேலே தூசு ஒரு பொட்டு இல்லாமல்.

"இதெல்லாம் ஃபைல்ல இல்லையா சார்?" என்று நான் கேட்டேன்.

"ஃபைல்லயா?" அவருக்கு மூச்சே நின்றுவிட்டது. "ஃபைல்ல போட்டா ஓட்டை போடுவாங்கம்மா. ரெண்டு ஓட்டை! அதுக்கு மேல அந்த ஊதா முத்திரை வேற. இவ்வளவு நல்ல காகிதத்துல அதை எப்படிங்க குத்தச் சொல்றது?"

"அப்ப என்னோட புகார்?" என்றாள் அக்கா.

"பதிவாகல."

"மூணு மாசமாவா?"

"மனசு வரலைங்க."

அக்காவின் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான். "என் வீட்டுக்காரர் அந்தத் தண்ணியில விழுந்து கை உடைஞ்சு கிடக்கார் சார்!"

"ஐயையோ," என்று பதறினார் அவர். உண்மையாகவே பதறினார். "எழுதற கையா?"

"சார்! நான் புகார் குடுத்தேன். உங்க ஆல்பத்துக்குப் படம் குடுக்கல. வேலைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

அலுவலகம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வேலை என்ற சொல் அங்கே அடிக்கடி கேட்காது போலிருக்கிறது. கண்காணிப்பாளர் தலைகுனிந்து நின்றார். பிறகு ஆல்பத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பி, மிகவும் தயங்கி அவள் பக்கமாக நகர்த்தினார்.

"தப்புதாம்மா. நான் இல்லைன்னு சொல்லல. ஆனா கோவிச்சுக்காம இதைக் கொஞ்சம் பாருங்க. இந்த அஞ்சாவது லெட்டர்ல குழாயே இல்லைம்மா."

அக்கா எடுத்துப் படித்தாள். நானும் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கம். மழைக்காலத்தில் மைப்புட்டி மூடி ஏன் ஒட்டிக்கொள்கிறது என்பதைப் பற்றி அவ்வளவு தெளிவாக யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். குழாய் என்ற சொல் இரு பக்கத்திலும் இல்லை. ஆறாவதைப் புரட்டினாள். கடைசி வரியில், நலம் விசாரிப்பதுபோல, "குழாய் முன்போலவே உள்ளது" என்று இருந்தது.

அவள் முகம் அவள் எடுக்கும் படங்களைப்போலவே ஓரிடத்தில் வெளுத்து ஓரிடத்தில் கறுத்தது. எழுந்து புகார் ஜன்னலுக்குப் போனாள்.

அங்கே ஒரு பந்துமுனைப் பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். திருடுகிற அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்பது அந்த அலுவலகத்துக்கே வெளிச்சம். படிவத்தின் தாள் வெளிச்சத்தில் பிடித்தால் பக்கத்து ஆளே தெரிவார், அவ்வளவு மெலிசு. பேனா முதலில் எழுதவில்லை. உள்ளங்கையில் நான்கு கோடு கிறுக்கியபிறகு உயிர் வந்தது. அக்கா மூன்று வரி எழுதினாள். "குழாய் மூன்று மாதமாக உடைந்து கிடக்கிறது. ஒருவர் விழுந்து கை முறிந்துவிட்டது. உடனே சரிசெய்யவும்." எழுத்து மேலும் கீழும் குதித்தது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா அதைப் படிக்கக்கூட இல்லை. துளை போட்டார், முத்திரை குத்தினார். ஒவ்வொரு சத்தத்துக்கும் அக்காவின் தோள் ஒருமுறை துள்ளி அடங்கியது.

நான்காம் நாள் இரண்டு பேர் மண்வெட்டியோடு வந்து, அரை நாளில் குழாயைச் சரிசெய்துவிட்டுப் போனார்கள். தோண்டிய பள்ளத்தை மூடவில்லை. பள்ளம் சாலைத்துறையைச் சேர்ந்ததாம், அதற்குத் தனி அலுவலகம் உண்டாம். தெருக்காரர்கள் அக்காவைத் தேடி வந்தார்கள். "நீங்க எழுதினா நடக்குதுக்கா!" அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தப் பள்ளத்துக்குத் தையல்காரர்தான் எழுதினார், நூலில் கட்டிய பேனாவில்.

ஐந்தாவது கடிதத்தைப் பற்றி நான் தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வாரம் அக்கா என் கண்ணைப் பார்க்காமலே பேசினாள். அப்புறம் ஒரு மாலை தானாகவே வந்து உட்கார்ந்து, "குழாய் சரியாயிட்டா அவர் எழுத மாட்டாரேன்னு ஒரு நெனப்பு இருந்துச்சு. எனக்கே தெரியாம இருந்துச்சு" என்றாள். டீ போட்டுக் கொடுத்தேன்.

கண்காணிப்பாளருக்கு இப்போதும் எழுதுகிறாள், அவருடைய வீட்டு விலாசத்துக்கு. அவர் மனைவிக்கும் அதில் தனியாக ஒரு பத்தி இருக்கும்.

பட்டறையில்தான் எதிர்பாராத முன்னேற்றம். கணவரின் வலது கை கட்டுப் போட்டுக் கிடந்ததால், எந்த வண்டிக்கு என்ன கோளாறு என்று சீட்டு எழுதி வண்டியில் மாட்ட ஆளில்லை. காலையில் வேலைக்குப் போகுமுன் அக்கா ஒரு மணி நேரம் பட்டறையில் உட்கார ஆரம்பித்தாள். அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள். "பின்சக்கர பிரேக் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்" என்பது தந்த நிறக் காகிதத்தில், தங்க நிப்பில், கருநீல மையில். வண்டியை எடுக்க வருகிறவர்கள் சீட்டை மடிக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகிறார்கள். ஒருவர், "கீழ உங்க பேரையும் போட்டுக் குடுங்கம்மா" என்று கேட்டாராம்.

கட்டுப் பிரித்து இரண்டு மாதம் ஆகிறது. கை இன்னும் வலிக்கிறது என்கிறார் மெக்கானிக். ஸ்பானரைப் பிடித்து முறுக்கும்போது ஒன்றும் செய்வதில்லையாம். எழுத உட்கார்ந்தால் மட்டும்தான் வலிக்கிறதாம்.