மாமாவின் இடது கை

உதைபந்தாட்டத்தைப் பற்றி என்னிடம் பேச வருகிறவர்கள் கொஞ்சம் யோசித்துக்கொண்டு வர வேண்டும். ஹட்டனில் என் சாப்பாட்டுக் கடைக்கு வரும் பையன்கள் ரொட்டியைப் பிய்த்து வைத்துக்கொண்டு, அரையிறுதியில் யார், இறுதியில் யார் என்று அடித்துக்கொள்வார்கள். தேநீர் ஆறிப்போகும். நான் கல்லாவில் இருந்தபடியே, "தம்பிகளா, நான் ஒரு பைனலையே ஜெயிச்சுக் குடுத்தவ" என்பேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, தலையில் வடைக்கூடையோடு தொடங்கியவள் நான். இன்று இரண்டு கடையும் மாடி வீடும் என் பெயரில் இருக்கின்றன. கடை போடப் போகிறேன் என்று சொன்ன அன்றைக்கும் இந்த ஊர் சிரிக்கத்தான் செய்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. டயகமப் பக்கத்தில் அப்பாவும் அம்மாவும் வேலை செய்த தேயிலைத் தோட்டம்தான் எங்கள் தோட்டம். ஆற்றுக்கு அந்தக் கரையில் அம்மா பிறந்த தோட்டம். தோட்டங்களை நடத்தும் துரைமார்கள் தங்களுக்குள் ஒரு வெள்ளிக் கோப்பையை வைத்துக்கொண்டு வருசா வருசம் தோட்டத்துக்குத் தோட்டம் பந்து விளையாட விடுவார்கள். கோப்பை துரை பங்களாவுக்குப் போகும், பேச்சு மட்டும் நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்கு வரும். அந்தப் பேச்சே எங்களுக்கு ஒரு வருசத்துக்குக் காணும்.

அந்த வருசம் இறுதி ஆட்டத்துக்கு வந்தது எங்கள் தோட்டமும் அம்மாவின் தோட்டமும். எங்கள் பக்கம் முன்னால் நின்று அடிக்கிறவர் சித்தப்பா, என் அப்பாவின் தம்பி. அந்தத் தோட்டத்துக்குக் கோல் காக்கிறவர் மாமா, அம்மாவின் அண்ணன். சித்தப்பா வெறுங்காலால் ஈரப்பந்தை அடிக்கும் சத்தம் மலைமேல் கொழுந்து பறிப்பவர்களுக்கும் கேட்கும். மாமாவோ ஒற்றைக் கையால் பந்தை அந்தரத்தில் பிடித்து, காம்போடு பறித்த பலாப்பழம்போலத் தூக்கிக் காட்டுவார். அப்படி இரண்டு ஆண்பிள்ளைகளை நான் பிறகு எந்த மைதானத்திலும் பார்க்கவில்லை. கொழும்புக்குப் போயும் பார்த்திருக்கிறேன்.

சித்தப்பாவிடம் ஒரே ஒரு குறை. யோசிப்பார். அரையிறுதியில் எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. விசில் ஊதியாயிற்று, அவர் அடிக்கவில்லை. கீப்பரின் கண்ணைப் பார்த்தார். இந்தக் கம்பத்தைப் பார்த்தார், அந்தக் கம்பத்தைப் பார்த்தார். கடைசியில் நேராகக் கீப்பரின் வயிற்றிலேயே கொண்டுபோய் அடித்தார். முன்பே ஒரு கோல் போட்டிருந்ததால் பிழைத்தோம்.

அன்று சாயங்காலமே மாமா எங்கள் லயத்துக்கு வந்துவிட்டார், வம்பு பேசத்தான். வாசலில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். யார் ஜெயிப்பார்கள், எத்தனை கோல், மழை வந்தால் யாருக்கு லாபம் என்று ஒரே கூச்சல்.

"மூணு கோல் வாங்கிட்டுத்தான் ஆத்தைத் தாண்டுவீங்க மச்சான்" என்றார் அப்பா.

"ஒங்க தம்பி கம்பத்தை எண்ணி முடிக்கறதுக்குள்ள நான் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வந்துருவேன்" என்றார் மாமா.

சிரிப்பில் லயத்துத் தகரம் அதிர்ந்தது. சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். அதற்குக் காரணம் பந்து மட்டும் இல்லை. அம்மாவின் தங்கையை அவருக்குக் கேட்டு ஒரு வருசமாகிறது. சித்திக்கும் அவர்மேல் பிரியம் என்பது ஆற்றின் இரண்டு கரைக்கும் தெரியும். தகப்பன் இல்லாத வீட்டுக்கு மாமாதான் பெரியவர். அவர் பார்ப்போம், பார்ப்போம் என்று இழுத்துக்கொண்டே இருந்தார். இதற்கிடையில் மஸ்கெலியாவில் கடை வைத்திருக்கும் ஒருவரும் பெண் கேட்டு வந்து போயிருந்தார்.

அப்பாவுக்கு ரோசம் வந்து, "எந்தம்பியைச் சாதாரணமா நெனச்சுப்புடாதீங்க" என்று எழுந்தார். மாமாவும் எழுந்தார்.

"சரி, எங்கையைத் தாண்டி ஒரே ஒரு கோல் போடச் சொல்லுங்க. வாற தையிலேயே பொண்ணு. போடலன்னா மஸ்கெலியாவுக்கு வாக்குக் குடுத்துருவேன். அப்புறம் என்னையக் குத்தம் சொல்லப்படாது."

உள்ளே அடுப்படியில் இருந்து அம்மா வந்தாள். "எந்தங்கச்சி என்ன தொரையோட வெள்ளிக் கோப்பையா, வெளையாடித் தூக்கிட்டுப் போக?" என்று அண்ணனைக் கேட்டாள். பத்துப் பேர் முன்னால் விழுந்த வார்த்தை விழுந்ததுதான். அதை மாமாவே திரும்பப் பொறுக்க முடியாது.

அடுத்த ஞாயிறு இறுதி ஆட்டம். அந்த ஒரு வாரம் தோட்டத்தில் வேறு பேச்சில்லை. காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடும்போதே தொடங்கிவிடும். பெனால்டி கிடைத்தால் யார் அடிப்பது என்று தண்ணீர்ப் பீலியில் குடம் நிறைந்து வழிவது தெரியாமல் சண்டை போட்டார்கள். சித்தப்பாவைத் தவிர யார் வேண்டுமானாலும் அடிக்கலாம் என்றது ஒரு கட்சி. அவரை விட்டால் யாருக்கு அந்தக் கால் இருக்கிறது என்றது இன்னொரு கட்சி. இரண்டையும் கேட்டுக்கொண்டே சித்தப்பா நடந்து போவார். மூன்றாம் நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மலையில் பெண்கள் சும்மா இருந்தார்களா? கொழுந்து நிரையில் நின்றபடியே அம்மாவைக் கிண்டினார்கள். "நீ எந்தப் பக்கம்டி? பொறந்த வீடா, புகுந்த வீடா?"

"பந்து எங்கிட்டக் கேட்டுக்கிட்டா உருளப் போகுது?" என்று அம்மா கூடையை நிறைத்தாள்.

அப்பா விடவில்லை. அண்ணனோடு கூடப் பிறந்தவளுக்குத் தெரியாத குறையா? "ஒங்கண்ணனுக்கு எந்தப் பக்கம் வராது? அது ஒண்ணை மட்டும் சொல்லு புள்ள" என்று நச்சரித்தார். அம்மா முதல் நாள் அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். மறுநாள், "பொறந்த வீட்டைக் காட்டிக் குடுக்கச் சொல்றீங்களா?" என்றாள். அதற்கடுத்த நாள், "எங்கண்ணனுக்கு ஒரு பக்கமும் ஓட்டை இல்ல" என்று சொல்லிவிட்டுக் கம்பளியை உதறிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

இந்த இடத்தில்தான் நான் வருகிறேன்.

வெள்ளிக்கிழமை வேலை விட்டு வந்து அம்மா எனக்குப் பேன் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, "சின்னதுல ஒங்க மாமா மரத்துல இருந்து விழுந்து கெடந்தாரு, தெரியுமா?" என்றாள். எனக்குத் தெரியாது. "அதுல இருந்து எடது கை தோளுக்கு மேல எழும்பாது. வெளியில காட்டிக்க மாட்டாரு. ஒசரமா எடது பக்கம் வந்தா அவரால முடியாது." பிறகு என் காதைப் பிடித்துத் திருப்பினாள். "யாருக்கிட்டயும் மூச்சு விடப்படாது. அதுவும் சித்தப்பாக்கிட்டச் சொன்னே, தோலை உரிச்சுருவேன்."

நான் சாமி சத்தியமாகச் சொல்லமாட்டேன் என்று சொன்னேன். அந்தச் சத்தியத்தை எங்கள் காம்பரா வீட்டின் கடைசிப் படிவரை காப்பாற்றினேன். சித்தப்பா பின்பக்கம் விறகு பிளந்துகொண்டிருந்தார். சொன்னதும் கோடரியைக் கீழே போட்டார். "மெய்யாலுமா பாப்பா? யாரு சொன்னா?"

"அம்மா."

ஒரு வாரமாக இருண்டு கிடந்த முகம் அது. அந்த ஒரு சொல்லில் மலர்ந்ததை நான் பார்த்தேன். அன்று மாலையும் மறுநாள் மாலையும் அவர் மைதானத்தில் தனியாக நின்று ஒரே இடத்துக்கு அடித்தார். கம்பத்தையும் எண்ணவில்லை, கீப்பர் இருக்கிற இடத்தையும் பார்க்கவில்லை. ஓடிவந்து உயரத்தில் ஒரே மூலைக்கு அடித்தார், அவ்வளவுதான். சேதியைக் கொண்டுவந்த நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தைச் சுற்றி இரண்டு தோட்டமும் கூடியது. மலைச்சரிவை வெட்டிப் போட்ட மைதானம் அது. பந்து கோட்டைத் தாண்டினால் தேயிலைக்குள் உருண்டுவிடும். அதை எடுத்துத் தர ஒவ்வொரு கோலுக்குப் பின்னாலும் பிள்ளைகள் நிற்போம். இரண்டாவது பாதியில் நான் மாமாவின் கோலுக்குப் பின்னால் நின்றேன். அந்த நேரம் பார்த்துப் பனி இறங்கியது. ஒரு பக்கம் நின்று பார்த்தால் மறுபக்கம் இல்லை. விசில் சத்தமும் ஏச்சும்தான் கேட்டன. இரண்டு பக்கமும் கோல் இல்லை.

திடீரென்று பனிக்குள்ளிருந்து ஒரு பந்து வந்தது, யார் அடித்ததோ தெரியவில்லை. உயரமாக, மாமாவின் இடது பக்கத்துக்கு வந்தது. என் கண்ணெதிரே மாமா எழும்பினார். எழும்பாத கை எழும்பியது. தோளுக்கு மேலே, காதுக்கு மேலே, குறுக்குக் கம்பத்துக்கும் மேலே போய், விரல் நுனியால் பந்தைத் தட்டிவிட்டார். பந்து என் தலையைத் தாண்டித் தேயிலைக்குள் விழுந்தது. தூரத்தில் பனிக்குள் நின்ற சித்தப்பாவுக்கு அது எந்தக் கை என்று தெரிந்திருக்க வழியில்லை.

நான் பந்தை எடுத்து வந்து போட்டேன். மூலையிலிருந்து அடித்த பந்தை அந்தத் தோட்டத்து ஆள் ஒருவர் கையால் தடுத்தார். விசில். பெனால்டி. பந்து மறுபடியும் என் பக்கமே உருண்டு வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். வாங்கிக்கொள்ள வந்தவர் சித்தப்பா.

குனிந்து, மெதுவாகக் கேட்டார். "எடது கைதானே பாப்பா?"

இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் என் சேதி பொய்யென்று என் வாயாலேயே எப்படிச் சொல்வது? அந்த வயதிலேயே எனக்கு அவ்வளவு கர்வம். தலையை ஆட்டினேன்.

சித்தப்பா பந்தை வைத்தார். இரண்டடி பின்னால் போனார். விசில் ஊதிய மூச்சு அடங்கும் முன் அடித்துவிட்டார். மாமாவும் அதே பக்கம்தான் பாய்ந்தார், இடது கை முழுசாக நீண்டது. அந்த விரலுக்கும் கம்பத்துக்கும் நடுவில் ஒரு பந்து போகும் இடம்தான் இருந்தது. பந்து அதில் போனது. அப்படி ஒரு அடியை, கொஞ்சமும் சந்தேகம் இல்லாத அடியை, நான் பிறகு கண்டதே இல்லை.

ஒன்றுக்குச் சைபர். எங்கள் தோட்டத்து ஆட்கள் சித்தப்பாவைத் தூக்கிக்கொண்டு பனிக்குள் மறைந்தார்கள்.

மறுநாள் பொழுது சாயும் நேரம் மாமா வெற்றிலை பாக்கோடு வந்தார். சொன்ன சொல் தவறாத மனுசன். பாயில் உட்கார்ந்து தை மாதம் என்று பேசி முடித்தார்கள். அப்பாவுக்கு ஜெயித்த சந்தோசம் தாங்கவில்லை. சித்தப்பா அவரிடம் சேதியைச் சொல்லியிருக்கிறார். "மச்சான், ஒங்களுக்கு எடது கை எழும்பாதுன்னு எங்களுக்குத் தெரியும்ல!" என்று அப்பா தொடையைத் தட்டினார்.

"எனக்கா?" என்றார் மாமா.

அம்மா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. மாமா அவளையே சிறிது நேரம் பார்த்தார். பிறகு சித்தப்பாவைப் பார்த்தார். பிறகு இடது தோளை மெல்லத் தடவிக்கொண்டு, "ஆமா மச்சான், குளிர் நாள்ல ரொம்பக் குடையும்" என்றார். அம்மா முதல் கோப்பையை அண்ணனுக்குத்தான் கொடுத்தாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தக் கை போன உயரத்தைக் கண்ணால் கண்டவள் நான். அம்மாவுக்கு உதைபந்தாட்டமும் தெரியாது, கூடப் பிறந்த அண்ணனின் கையும் தெரியாது என்று முடிவு செய்தேன். பாவம், ஊர் முன்னால் அவள் அவமானப்படக் கூடாதே என்று இரக்கப்பட்டு, நான் கண்டதை அவளிடம்கூடச் சொல்லாமல் வைத்துக்கொண்டேன்.