மடிப்பு இல்லை என்று ஒரு புகார்

என் தங்கைக்கு வீட்டில் ஒரு பெயர் இருக்கிறது. பள்ளி ரோபோ குழுவில் அவளை ‘இன்னொரு தடவ’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். ரோபோ தவறாக ஓடினால் “இன்னொரு தடவ” என்பாள். சரியாக ஓடினாலும் அதையேதான் சொல்வாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவளுக்குச் சோறு தண்ணி மறந்துவிடும். எங்களுக்கும் மறந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பாள்.

குழு என்றால் மூன்று பேர். இவள் ப்ரோக்ராம் எழுதுவாள். இன்னொருத்தி சக்கரம், மோட்டார் எல்லாம் பூட்டுவாள். தலைவி பேசுவாள். படம் அச்சடித்த பெரிய விரிப்பின் மேல், ஷூ டப்பா அளவுள்ள ரோபோ, யாரும் தொடாமல் தானாக ஓடி, ஆறு கட்டைகளை அதனதன் இடத்தில் வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். இதுதான் போட்டி. மூன்று வருடம் போனார்கள். அரங்கத்தில் அது ஒரு தடவைகூட முழுதாக ஓடி முடித்ததில்லை. இந்த வருடத்தோடு தங்கைக்குப் பள்ளி முடிகிறது. “பரிசெல்லாம் வேணாம்ண்ணா. ஒரே ஒரு தடவ அங்க முழுசா ஓடிட்டா போதும்” என்றாள். ‘போதும்’ என்ற சொல்லை அவள் வாயிலிருந்து அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

பயிற்சி எங்கள் வீட்டு முன்னறையில் நடக்கும். முடிந்ததும் விரிப்பைச் சுருட்டி, அங்கேயே கிடக்கும் என் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். நான் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் தரையும் மாடித் தரையும் அரை விரல் மட்டம் பிசகினாலும் விடமாட்டேன். அப்பேர்ப்பட்ட நான், பரீட்சை மாதத்தில் கட்டிலை ஃபேனுக்கு நேராக இழுத்துப் போட்டேன். அதன் ஒரு கால் விரிப்பின் மேல் ஏறி நின்றது. ஒரு மாதம் அதன் மேலேயே நிம்மதியாகத் தூங்கினேன்.

பரீட்சை முடிந்து விரித்தபோது நடுவில் நூல் மாதிரி ஒரு மடிப்பு இருந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. ரோபோ மட்டும் அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் இடது பக்கம் ஒதுங்கியது. சக்கரத்தில்தான் கோளாறு என்று தங்கை முடிவு கட்டினாள். அங்கே வந்ததும் மூன்று டிகிரி வலது பக்கம் திரும்பு என்று எழுதினாள். போக ஆறு, வர ஆறு, ஆகப் பன்னிரண்டு இடத்தில் எழுதினாள். அதன்பின் வரிசையாக இருபத்தொரு தடவை பிசகாமல் ஓடியது. தலைவி ஏற்புரைகூடத் தயாரித்துவிட்டாள்.

போட்டியன்று பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். மொத்தம் மூன்று சுற்று. முதல் சுற்றில் ரோபோ பாதி தூரம் போய், வலது பக்கம் திரும்பி, ஓரப் பலகையில் முட்டிக்கொண்டு நின்றது. இரண்டாவது சுற்றிலும் அதே பலகைதான். தலைவி நேராக நடுவரிடம் போனாள்.

“சார், உங்க மேட் சரியில்ல.”

அவர் குனிந்து விரிப்பைக் கையால் தடவிப் பார்த்தார். “என்னம்மா குறை?”

தலைவிக்குத் தெரியவில்லை. பக்கத்தில் மண்டியிட்டிருந்த தங்கை நிமிர்ந்தாள். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“மடிப்பு இல்ல சார்.”

எத்தனையோ வருடமாகப் போட்டி நடத்துகிற மனிதர். இப்படி ஒரு புகாரை அவர் கேட்டிருக்க மாட்டார்.

“அப்ப நம்ம மேட்ல மடிப்பு எப்படிடி வந்துச்சு?” என்று தலைவி கேட்டாள். எனக்குக் கட்டில் கால் ஞாபகம் வந்தது. தங்கை என்னைப் பார்த்தாள். பிறகு, “வாங்கும்போதே இருந்துச்சு” என்றாள். அடுத்த சுற்றுக்கு இருந்த பத்து நிமிடத்தில் பன்னிரண்டு திருத்தங்களையும் அழிக்க உட்கார்ந்தாள்.

“இருபத்தொரு தடவ ஓடின ப்ரோக்ராம்டி, கை வைக்காத!” என்றாள் தலைவி.

“அது நம்ம வீட்ல.”

மூன்றாவது சுற்றில் ரோபோ ஆறு கட்டையையும் வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போலத் திரும்பி வந்தது. நான் கத்திய கத்தலில் நடுவர் என்னை வெளியே போகச் சொன்னார். நேரம் அதிகமானதால் ஒன்பதாவது இடம்தான். எட்டு அணிகள் அடுத்த கட்டத்துக்குப் போயின. தங்கை மதிப்பெண் பலகையைப் பார்க்கவே இல்லை. பஸ்ஸில் தானாகச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்று டியூட்டி என்பதால் வர முடியவில்லை. சாயங்காலம் வந்ததும், “எனக்கும் ஒரு தடவ காட்டுடி” என்றாள். தங்கை விரிப்பை விரித்தாள். திருத்தம் இல்லாத ரோபோ மடிப்பைத் தாண்டியதும் இடது பக்கம் ஒதுங்கி நாற்காலியில் முட்டியது.

“அங்க ஓடிச்சுன்னு சொன்னே?” மாத்திரை போட்டுக்கொண்டேன் என்று சொல்லும் நோயாளியிடம் அம்மா பேசுகிற குரல் அது. தங்கை மடிப்பைப் பற்றிச் சொல்லாமல் ரோபோவை எடுத்துச் சக்கரத்தைத் துடைத்தாள். இரண்டாவது முறையும் என்னைக் காப்பாற்றுகிறாள் என்பது எனக்குத் தாங்க முடியாத வெட்கமாக இருந்தது.

“ஓடிச்சும்மா, நான் பார்த்தேன். இங்க ஓடாததுக்கு நான்தான் காரணம்” என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

விரிப்பின் ஒரு முனையில் அதே கட்டில் காலை ஏற்றி வைத்தேன். மறுமுனையை இரண்டு கையாலும் பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பிடித்து மண்டியிட்டேன். மடிப்பு படிந்தது. ரோபோ என் விரலோரம் வந்து வந்து திரும்பி, ஆறு கட்டையையும் வைத்துவிட்டுக் கிளம்பிய இடத்துக்கு வந்து நின்றது.

அம்மா ரோபோவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “யாரும் தொடாம தானா ஓடும்னீங்க. நீ என்னடா இப்படி வேர்த்துக் கொட்டுறே?”

நான் கையை எடுக்கப் போனேன்.

“விடாதண்ணா” என்றாள் தங்கை. “இன்னொரு தடவ.”