அக்கா வீட்டு முன்வாசல்

அக்கா டீச்சராகிவிட்டாள் என்பதைவிட, அக்காவுக்கு ஒரு வீடு கிடைத்துவிட்டது என்பதில்தான் எனக்குத் தலைகால் புரியவில்லை. ரிங்லெட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் வேலை. பக்கத்திலேயே குடியிருக்க வீடு. எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் எட்டு வீட்டுக்கு ஒரு குழாய். அக்கா வீட்டிலோ குழாய் சமையலறைக்குள்ளேயே இருக்கிறதாம். இதை லயம் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டு, கேட்டவர்களிடமே மறுபடியும் சொன்னேன்.

அக்கா கடிதம் போட்டிருந்தாள். சனிக்கிழமை சாமான்களை இறக்கிவிடுவாளாம். ஆனால் அடுப்பைத் தொடமாட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் அப்பாவும் வந்து, வலது காலை எடுத்துவைத்து, பால் காய்ச்சிய பிறகுதான் அந்த வீட்டில் முதல் சமையலாம். 'முன்வாசலில் காத்திருப்பேன்' என்று எழுதி அதற்கு அடிக்கோடும் போட்டிருந்தாள். அந்தக் கோட்டை எங்களில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிறு விடிந்ததும், கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கும் லோரியில் இடம் பிடித்தோம். "சீக்கிரம் ஏறுங்கலா, கோஸு வாடிப்போயிடும்" என்று விரட்டினார் ஓட்டுநர். அம்மாவும் நானும் முன்னால். அப்பா பின்னால் கூடைகளுக்கு நடுவே. அம்மாவின் மடியில் எங்கள் மாட்டுப் பால், துண்டில் சுற்றிய போத்தலில். ஒவ்வொரு வளைவிலும் அம்மா போத்தலைத்தான் இறுகப் பிடித்தாள், என்னைப் பிடிக்கவில்லை. நான் கதவில் இடித்துக்கொண்டும் சிரித்துக்கொண்டும் போனேன். இன்னும் எவ்வளவு தூரம், இன்னும் எவ்வளவு தூரம் என்று நான் கேட்ட கேள்வியில் ஓட்டுநர் கடைசியில் பதில் சொல்வதையே நிறுத்திவிட்டார்.

தோட்டத்து முனையில் இறங்கி நடந்தோம். மேட்டில் வரிசையாக மூன்று வெள்ளை வீடுகள். நடுவீடு கிராணியுடையது, கடைசி வீடு டீச்சருடையது என்று எதிரே வந்த ஒருவர் கையைக் காட்டினார். தோட்ட ஆபீஸில் எழுத்து வேலை பார்ப்பவர்தான் கிராணி. அந்த வீடுகளைப் பார்த்ததும் அப்பாவின் நடையே மாறிவிட்டது. தொப்பியைக் கழற்றிப் பைக்குள் திணித்தார். தார்ப்பாதையை விட்டு, தேயிலைச் செடிகளுக்கு இடையே போன ஒற்றையடிப் பாதையில் இறங்கினார். அம்மாவும் ஒன்றும் கேட்காமல் பின்னால் போனாள். கடைசி வீட்டின் பின்கட்டுக்குப் போய், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அப்பா கைகட்டியும் அம்மா போத்தலை அணைத்தபடியும் நின்றார்கள்.

எங்கள் தோட்டத்தில் அதுதான் முறை. லீவு கேட்கவோ மனு எழுதவோ கிராணி வீட்டுக்குப் போனால் முன்பக்கம் போகக்கூடாது, கதவைத் தட்டக்கூடாது. சமையலறைப் பக்கம் நின்று மெல்ல இருமவேண்டும். அவர் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வருவார். அப்பா தேயிலைக்கு மருந்தடிக்கிறவர், இருமலுக்குப் பஞ்சமில்லை. அன்று பெற்ற மகள் வீட்டுக்கு வெளியே நின்று அதே இருமலை இருமினார்.

யாரும் வரவில்லை. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்து எம்பிப் பார்த்தேன். குழாய் தெரிந்தது! புது அடுப்பு தெரிந்தது. பின்கதவின் உள்பக்கப் பூட்டில் சாவி ஒன்று சிவப்பு நாடாவோடு தொங்கியது.

"எட்டிப் பாக்காத. இது ஸ்டாஃப் வீடு" என்று அப்பா ஜன்னலருகே வந்து என்னை இறக்கிவிட்டார்.

அதற்குமேல் எனக்குப் பொறுமை இல்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்னால் ஓடினேன். புதுச் சேலையில் அக்கா, பெரிய கோலத்துக்குப் பக்கத்தில் நின்று பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ எங்கேருந்துடி வர? அம்மா, அப்பா எங்க?"

"பின்னாடி நிக்கிறாங்க. அப்பா ரொம்ப நேரமா இருமிக்கிட்டு இருக்காரு."

அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. விறுவிறுவென்று பின்பக்கம் நடந்தாள்.

"ஏம்பா இங்க நிக்கிறீங்க? முன்னாடி வாங்க."

"இருக்கட்டும்மா. காலெல்லாம் சேறு. கதவத் தொற, இப்படியே வந்துடறேன்."

"முன்னாடி தண்ணி வெச்சிருக்கேன்பா. கழுவிக்கலாம்."

அப்பா குரலைத் தாழ்த்தினார். "கிராணி வெளிய உக்காந்து பேப்பர் படிக்கிறாரு, வரும்போதே பாத்தேன். நீ நேத்துதான் வந்திருக்க. எங்களால உனக்கு ஒரு பேச்சு வரக்கூடாது."

அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா பால் போத்தலைப் பார்த்தாள்.

"பின்கதவு தொறக்காதுப்பா" என்றாள் அக்கா. "சாவி தொலைஞ்சு போச்சு."

நான் வாயைத் திறந்தேன். திறந்த வேகத்தில் அக்கா என் கையில் ஒரு கிள்ளு வைத்தாள், உயிர் போனது. அப்பா அந்தக் கதவை ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

நாங்கள் முன்பக்கம் வந்ததும் கிராணி பேப்பரை இறக்கினார். அப்பாவின் கை தொப்பியைக் கழற்றத் தலைக்குப் போய், அங்கே தொப்பி இல்லாமல் திரும்பி வந்தது. கிராணி எழுந்து நின்றார்.

"டீச்சரோட அப்பாவா? வாங்க, வாங்க. பால் காய்ச்சிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்."

அதுவரை எந்தக் கிராணியும் அப்பாவை 'வாங்க' என்று அழைத்து நான் கேட்டதில்லை. அப்பாவும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார்.

வலது கால் வைத்து நுழைந்தோம். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நான் கூச்சல் போட்டேன். அதற்குப் பிறகு அந்த வீடு என் ராஜ்ஜியம். குழாயைத் திறந்து மூடினேன், மூடித் திறந்தேன். கழிப்பறைச் சங்கிலியை நாலு தடவை இழுத்துவிட்டு, ஐந்தாவது தடவை அம்மாவிடம் அடி வாங்கினேன். அப்பா மெத்தை வைத்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, அக்கா கொடுத்த பாலை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். அக்கா நின்றபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை. நடுவில் எதற்குக் கண்ணைத் துடைத்தாள் என்பதுதான் விளங்கவில்லை.

சாயங்காலம் அதே லோரி எங்களை ஏற்றிக்கொண்டது. இந்தத் தடவை நான் அடம்பிடித்து அப்பாவோடு பின்னால் உட்கார்ந்தேன். நாள் முழுக்க அடக்கிவைத்ததைச் சொன்னேன்.

"அப்பா, அக்கா பொய் சொன்னா. சாவி கதவுலயே தொங்குச்சு."

"தெரியும். நானும் பாத்தேன்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

அப்பா தன் துண்டை எடுத்துக் குளிருக்கு என் காதைச் சுற்றிக் கட்டினார். "நான் பாத்தது அக்காவுக்குத் தெரிய வேணாம், என்ன?" என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. பென்சிலைத் தொலைத்துவிட்டு, யாரோ எடுத்துவிட்டார்கள் என்று சொன்னதற்காகப் போன வாரம்தான் இதே அப்பா என்னை முட்டிபோட வைத்தார். இங்கே அக்கா ஒரு பொய் சொல்கிறாள், அப்பா அதை மறைக்கச் சொல்கிறார், இரண்டு பேருக்கும் ஒரு திட்டுகூடக் கிடையாது. போதாக்குறைக்கு, காலிக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து அப்பா தானாகச் சிரித்துக்கொண்டு வேறு வந்தார். சிரிக்க இதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல், கிள்ளுப்பட்ட கையைத் தடவிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.